அஞ்சறைப்பெட்டியில் கண்ணாடி!

உங்க வீட்டு அஞ்சறைப்பெட்டியில என்னென்ன இருக்கும்? கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், உளுத்தம்பருப்பு... அவ்வளவுதானே? எங்க வீட்டு அஞ்சறைப்பெட்டியில பத்து நாள் பீர் பாட்டில் இருந்துச்சு பாஸ்!

பதறாதீங்க. முழு பாட்டில் இல்ல. உடைச்சு, இடிச்சு, சலிச்சு, கலர் கலரா பிரிச்சு வெச்ச பாட்டில் தூள். பழுப்பு ஒரு கிண்ணம், பச்சை ஒரு கிண்ணம், வெள்ளை ஒரு கிண்ணம், உடைஞ்ச வளையல்ல இருந்து சிவப்பும் நீலமும். ஏழு கிண்ணம், ஒரே மூடி. கண்ணாடி மணி செய்யறவங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டியை எந்த கம்பெனியும் தயாரிக்க முடியாதுன்னு எனக்கு ஒரே பெருமை. பழைய பெட்டிதானே, அம்மாவுக்குப் புதுசு வேற இருக்குன்னு பரண்ல இருந்து எடுத்து, என் மேஜை மேல வெச்சிருந்தேன்.

பதினோராவது நாள் காலையில பாட்டி சுக்குக் காபி போட்டாங்க. பெட்டியைத் திறந்து பார்த்திருக்காங்க. பழுப்பு நிறத்துல பளபளன்னு... நாட்டுச் சர்க்கரை! ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டுக் கலக்கியிருக்காங்க. கலக்கறாங்க, கலக்கறாங்க... "என்னடி இது, சர்க்கரையா கூழாங்கல்லா? கரையவே மாட்டேங்குது?" என்று டம்ளரோட என் ரூமுக்கு வந்து நின்னாங்க பாருங்க, என் உயிர் கரைஞ்சு போச்சு. நல்லவேளை, பாட்டிக்குக் கரையாத காபியைக் குடிக்கிற பழக்கம் இல்ல.

அன்னிக்குத்தான் புரிஞ்சுது. இந்த வேலையில டார்ச்சும், கம்பியும், கலரும் அப்புறம். முதல் கேள்வி, தூளை எதுல வைக்கிறோம்ங்கறதுதான்!

கட்லெட்டும் கண்ணாடியும்

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். ஒரு தடவை புதுச்சேரி மியூசியத்துல அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்தேன். கடுகு சைஸ், மிளகு சைஸ்ல கண்ணாடி மணி. ஈராயிரம் வருஷத்துக்கு முந்தின சரக்கு. நாம சிப்காட்டும், லேத் பட்டறையும், அசோக் லேலண்டும், டைட்டனும் இருக்கிற ஓசூர்க்காரங்க. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் வேற படிக்கிறோம். ஒரு மணி செய்ய முடியாதா? காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல 'கழிவுக் கண்ணாடி மணிமாலை'ன்னு ஸ்டால் போடறதா நானும் என் தோழிகள் இரண்டு பேரும் பேரு கொடுத்தாச்சு. அதுக்கப்புறம்தான் எப்படிச் செய்யறதுன்னே தேட ஆரம்பிச்சோம்!

சுருக்கமா முறை இதுதான். மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியில களிமண் குழம்பு தடவிக் காய வெக்கணும். கண்ணாடிச் சில்லை நெருப்புல உருக்கி அந்தக் கம்பியில சுத்தணும். பாகு மாதிரி இருக்கும்போதே கலர் தூள்ல புரட்டி, திரும்ப நெருப்புல காட்டணும். தூள் உருகி ஒட்டிக்கும். உருளைக்கிழங்கு கட்லெட்டை ரஸ்க் தூள்ல புரட்டறோம் இல்ல? அதேதான். ஆனா கட்லெட் எழுநூறு, எண்ணூறு டிகிரி செல்சியஸ்ல இருக்காது.

தூள் தயாரிக்கிறதும் சிரமமில்ல. கண்ணாடியைச் சூடு பண்ணி பக்கெட் தண்ணியில போட்டா உள்ளுக்குள்ள விரிசல் விட்டு நொறுங்கத் தயாரா இருக்கும். அப்புறம் இரும்புக் குழாய்ல போட்டு இரும்புத் தடியால இடிக்கணும். தடியில இருந்து உதிர்ற இரும்புத் துணுக்கை காந்தத்தால இழுத்து எடுத்துடணும், இல்லாட்டி மணியில கறுப்புப் புள்ளி வரும். வெயில்ல நல்லாக் காய வைக்கணும். ஈரத்தூள் கட்டி கட்டியா நிக்கும், சுடு கண்ணாடி பட்டா நீராவி விடும். ஒரு எச்சரிக்கையும் இங்கயே: டியூப்லைட்டை இடிக்காதீங்க, உள்ளே பாதரசம். பழைய டிவி பிக்சர் டியூபும் வேண்டாம், ஈயம் இருக்கு. சின்ன வயசுல டியூப்லைட்டை இடிச்சு கொட்டாங்கச்சியில வெச்சு மாஞ்சா தடவின அண்ணன்மார்கள் மன்னிக்கவும். கண்ணாடித் தூள் தடவின மாஞ்சாவை 2017ல தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் தடை பண்ணிடுச்சு.

முதல் வில்லன்... ஆழம்!

பாகலூர் ரோடு பக்கம் ஒரு நகைப்பட்டறை. அங்கே இருக்கிற அண்ணா ஞாயித்துக்கிழமை மட்டும் எங்களுக்கு டார்ச் தர சம்மதிச்சார். அஞ்சறைப்பெட்டியோட கம்பீரமா போய் இறங்கினோம். அண்ணா பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "தாளிக்கப் போறீங்களாம்மா?"

தாளிக்கலை, சொதப்பினோம். யோசிச்சுப் பாருங்க. மணி கம்பியோட நடுவுல இருக்கு. கம்பியைப் படுக்க வெச்சுத்தான் உருட்ட முடியும். ஆனா அஞ்சறைப்பெட்டிக் கிண்ணம் நாலு சென்டிமீட்டர் ஆழம். கம்பி விளிம்புல இடிக்குது, மணி தூளைத் தொடவே மாட்டேங்குது. கம்பியைச் சாய்ச்சு உள்ளே விட்டா, இளகின கண்ணாடி ஒரு பக்கமா வழிஞ்சு, மணிக்குப் பதிலா தூக்கணாங்குருவிக் கூடு வருது. ஆக, சேமிச்சு வைக்க அஞ்சறைப்பெட்டி சூப்பர். புரட்டறதுக்கு? பூஜ்யம்!

அப்புறம் ஆரம்பிச்சுது டப்பா வேட்டை. தண்ணி பாட்டில் மூடியில தூளைக் கொட்டினோம். மணி பட்ட மறு செகண்ட் நாத்தம், மூடி மணியோட சேர்ந்து வந்துடுச்சு. வெள்ளிப் பேப்பர் ஒட்டின பிறந்தநாள் தட்டு புகைஞ்சு போச்சு. அகல்விளக்கு மெழுகுவத்தி வருமே, அந்த அலுமினியக் கப் ஓரளவு தாங்குச்சு. ஆனா அலுமினியம் 660 டிகிரியில உருகற சமாச்சாரம், அந்தக் கப்போ பேப்பர் மாதிரி மெல்லிசு. மணி தவறி அடியைத் தொட்டா ஓட்டைதான். தோழி ஒருத்தி தகரக் கூரையில வெட்டின துண்டை வளைச்சு எடுத்துட்டு வந்தா. அதைப் பார்த்ததும் அண்ணா எழுந்தே வந்துட்டார். "அதுல துத்தநாகம் பூசியிருக்கும்மா. நெருப்பு பட்டா வர்ற புகையை இழுத்தா ராத்திரி குளிர் ஜுரம்தான். வெல்டிங்காரங்களைக் கேளு." கேட்டோம். சரிதான்!

கிருஷ்ணகிரிப் பக்கம் போனா மாம்பழக்கூழ் ஃபேக்டரி டப்பாவுக்குப் பஞ்சமே இல்ல. அந்தப் பெரிய டப்பாவோட வட்ட மூடி நல்ல சைஸ், ஆழமும் இல்ல. ஆனா வெட்டின ஓரம் பிளேடு மாதிரி. உள்ளே பூசின லாக்கர் சூட்டுல புகையும். ஓரத்தை மடிச்சு, மொட்டை மாடியில வெச்சு ஒருமுறை நல்லா சுட்டு எடுத்தா தேறும். நாங்க இரண்டு மூடி அப்படித் தேத்தினோம், என் விரல்ல இரண்டு பிளாஸ்டர் கணக்கோட.

கடைசியில ஜெயிச்சது எது தெரியுமா? அண்ணா பட்டறையிலேயே ஸ்க்ரூ போட்டு வெச்சிருந்த எவர்சில்வர் சம்படத்தோட மூடி. அரை இஞ்ச் உயரம்தான். அண்ணா அதை வாங்கி, அரத்தை எடுத்து, எதிரெதிரா இரண்டு பக்க விளிம்புலயும் சின்னதா ஒரு பள்ளம் அராவிக் கொடுத்தார். கம்பி அந்த இரண்டு பள்ளத்துலயும் உட்கார்ந்துக்குது. மணி நடுவுல தொங்கி, தூளைத் தொட்டும் தொடாம நிக்குது. நாம கம்பியைச் சுத்தினாப் போதும், தூள் சீரா ஒட்டுது! இதுக்குப் பேருதான் 'வி பிளாக்'னு ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப்ல படம் வரைஞ்சு லேபிள் போட்டு பத்து மார்க் வாங்கியிருக்கேன். ஆனா ஒரு மூடியில அதைப் பார்க்கத் தோணலையே! அண்ணா எட்டாம் கிளாஸ்.

மத்தி மீன் டப்பாவும் பணியாரக்கல்லும்

நாம மட்டும்தான் இப்படி டப்பா டப்பாவா அலையறோமான்னு பார்த்தா, உலகமே அலைஞ்சிருக்கு பாஸ்.

முதல்ல நம்ம ஊர். அரிக்கமேட்டை 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அங்கே கிடைச்ச குட்டி மணிகளுக்கும், தென்கிழக்கு ஆசியா வரைக்கும் கிடைக்கிற அதே மாதிரி மணிகளுக்கும் 'இந்தோ-பசிபிக் மணி'ன்னு பேர் வெச்சவர் பீட்டர் ஃப்ரான்சிஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர். அது தூள் மணி இல்ல. உருகின கண்ணாடியை நீளக் குழாயா இழுத்து, துண்டு துண்டா நறுக்கற முறை. ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவுல பாப்பாநாயுடுபேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு. முன்னே சித்தூர் மாவட்டம், 2022ல இருந்து திருப்பதி மாவட்டம். போன நூற்றாண்டு கடைசியிலும் அங்கே இதே முறையில மணி செஞ்சதை ஆய்வாளர்கள் நேர்ல பார்த்து எழுதியிருக்காங்க. நறுக்கின துண்டோட கூர் முனையை மழுக்க திரும்பச் சூடு பண்ணணும். அப்போ துளை மூடிக்காம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க என்ன பண்றாங்க? அடுப்புச் சாம்பல்! சாம்பலோட கலந்து சூடு பண்ணா, துளைக்குள்ள சாம்பல் புகுந்து காவல் காக்கும். செலவு? சைபர்!

அடுத்தது, ஆப்பிரிக்காவுல மொரிட்டேனியா. அங்கே கிஃபான்னு ஒரு ஊர். அந்த ஊர்ப் பேருலேயே 'கிஃபா மணி' உண்டு. செய்யறது பூரா பெண்கள். கண்ணாடியை மாவா அரைச்சு, எச்சில் அல்லது கருவேலம் பிசினைக் கரைச்ச தண்ணியில குழைச்சு, ஊசி முனையால கோலம் போடற மாதிரி டிசைன் வைப்பாங்க. அதைச் சுடறதுக்கு ஃபர்னஸும் இல்ல, அச்சும் இல்ல. தின்னு முடிச்ச மத்தி மீன் டப்பா! மணிகளை அதுல அடுக்கி, திறந்த நெருப்புல வெச்சு உருக்கிடுவாங்க. 1949லயே இந்த மணிகளைப் பத்தி ஆய்வாளர்கள் எழுதிட்டாங்க. உலகத்துலயே நுணுக்கமான தூள் கண்ணாடி மணிகள்ல ஒண்ணு, மீன் டப்பாவுல பிறக்குது!

எனக்கு ரொம்பப் பிடிச்சது கானா நாட்டு க்ரோபோ மக்களோட முறை. ஒடுமாசே க்ரோபோன்னு ஊர். அங்கே பாட்டிலை இடிச்சு மாவா சலிச்சு, களிமண் அச்சுல நிரப்பறாங்க. அந்த அச்சைப் படத்துல பார்த்ததும் கத்திட்டேன்... "அம்மா, பணியாரக்கல்!" வட்டப் பலகை, வரிசையா குட்டிக் குழி. குழியில கண்ணாடி ஒட்டாம இருக்க, கயோலின்ங்கற வெள்ளைக் களிமண் கரைசலைப் பூசறாங்க. இட்லித் தட்டுல எண்ணெய் தடவற வேலை. சரி, மணிக்குத் துளை? ஒவ்வொரு குழிக்கும் நடுவுல மரவள்ளி இலைக் காம்பை ஒரு துண்டு நட்டு வெச்சு, சுத்தி தூளைக் கொட்டறாங்க. சூளையில காம்பு எரிஞ்சு சாம்பலாயிடும். காம்பு நின்ன இடம் துளை! பெரிய சில்லு போட்டுச் செய்யற மணிக்கு மட்டும், சுட்டு எடுத்து இளகலா இருக்கும்போதே கூரான கம்பியால குத்தறாங்க.

மரவள்ளி! நமக்கு என்ன பஞ்சம்? தர்மபுரிப் பக்கம் எங்க மாமா வீட்டுல வயல் பூரா மரவள்ளிதான். ஒரு கட்டு காம்பு பஸ்ல வந்து இறங்கிடுச்சு.

பணியாரக்கல்லுலயே நேரா ஊத்திடலாமான்னு ஒரு நிமிஷம் சபலம் தட்டுச்சு, மறைக்கலை. இரும்புல கண்ணாடி ஒட்டினா ஒட்டினதுதான், ஆறும்போது இரண்டும் வேற வேற அளவுல சுருங்கி வெடிக்கும். அதைவிட முக்கியம், அம்மா வெடிப்பாங்க. குயவர்கிட்ட களிமண் வாங்கி, பேனா மூடியால குழி போட்டு, ஒன்பது குழி அச்சு செஞ்சோம். காலேஜ் லேப் ஃபர்னஸ்ல 820 டிகிரி. முதல் அச்சுல கயோலின் பூச மறந்துட்டோம். மணிகள் பிரமாதமா வந்துச்சு... அச்சோட சேர்ந்து. உடைச்சு எடுத்தா ஒன்பதுல எட்டு காலி. இரண்டாவது தடவை பூசினோம். கழண்டு வந்துச்சு. ஆனா விளிம்பு வரைக்கும் நிரப்பின தூள், பாதி உயரத்துக்குக் கொஞ்சம் மேல மணியா உட்கார்ந்திருந்துச்சு. தூளுக்கு நடுவுல இருக்கிறதுல ஏறக்குறைய பாதி காத்துதானே! மூணாவது தடவை கோபுரமா குவிச்சோம். துளையோட, முழுசா, ஆறு மணி. அந்தத் துளை வழியா ஜன்னலைப் பார்த்தேன். சின்னதா வெளிச்சம் தெரிஞ்சுது. செமஸ்டர்ல சென்டம் வாங்கினப்பகூட அவ்ளோ சந்தோஷம் இல்ல.

கலர் ஒண்ணு, குணம் வேற

பெட்டி விஷயத்துல நாங்க செஞ்ச இன்னொரு தப்பு, கலரைப் பார்த்துப் பிரிச்சது. லேப்ல உடைஞ்ச பீக்கரும் வெள்ளை, சோடா பாட்டிலும் வெள்ளை. இரண்டையும் ஒரே கிண்ணத்துல கொட்டினோம். அதுல புரட்டின மணிகள் ராத்திரி மேஜை மேல இருந்தபடியே 'டிக்... டிக்...'னு விட்டுச்சு. காலையில பார்த்தா பாதிக்கு மேல விரிசல்!

காரணம் விரிவு. சாதாரண பாட்டில் கண்ணாடி ஒரு டிகிரி சூட்டுக்கு, மீட்டருக்கு சுமார் 9 மைக்ரான் விரியும். பீக்கர் செய்யற போரோசிலிகேட் சுமார் 3.3 மைக்ரான்தான். ஆறும்போது ஒண்ணு ஒரு மடங்கு சுருங்கினா, இன்னொண்ணு மூணு மடங்கு சுருங்குது. ஒரே மணிக்குள்ள இரண்டு பேரும் இழுத்துக்கிட்டா என்ன ஆகும்? அதுக்கப்புறம் ஒவ்வொரு டப்பாவுலயும் 'பச்சை'ன்னு எழுதறதை விட்டுட்டு, எந்த பாட்டில், எந்தத் தேதின்னு எழுத ஆரம்பிச்சோம். ஒரு பாட்டில், ஒரு டப்பா. ஒரே கண்ணாடியா இருந்தாலும் சுடச்சுட தரையில வைக்கக்கூடாது. பழைய பால்பவுடர் டின்னுல சாம்பல் நிரப்பி, அதுக்குள்ள புதைச்சு மெதுவா ஆற விடணும். பாப்பாநாயுடுபேட்டைக்கு நன்றி.

யார் அள்ளறது?

பட்டறை அண்ணா சொன்ன ஒரு விஷயம் இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. "தங்கத் தூள் கீழே விழுந்தா நாங்க தரையைக் கூட்டி, அந்த மண்ணைக்கூட விடாம எடுத்து வைப்போம்மா. உன் கண்ணாடித் தூள் விழுந்தா யார் அள்ளறது? வெறுங்காலோட பெருக்க வர்ற அக்காதானே?"

அதனாலதான் இதையெல்லாம் இவ்ளோ நீட்டி எழுதறேன். கண்ணாடித் தூள் கல்குவாரித் தூசி மாதிரி இல்ல. நம்ம கிருஷ்ணகிரி கிரானைட் அறுக்கும்போது வர்ற தூசியில படிக சிலிக்கா இருக்கு, அது நுரையீரல்ல தழும்பு போடற சிலிக்கோசிஸைக் கொண்டு வரும். கண்ணாடி படிகம் இல்ல, அந்த அளவு ஆபத்து இல்ல. ஆனா அதுக்காக மூக்கை நீட்டிடாதீங்க. தொண்டை, நுரையீரல் எல்லாத்தையும் அரிக்கும், கண்ணுல விழுந்தா கீறிடும். இடிக்கும்போதும் சலிக்கும்போதும் என்-95 மாஸ்க், கண்ணாடி, மூடின ஷூ. ஃபேனை ஆஃப் பண்ணுங்க. துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால ஒத்தி எடுங்க. நாங்க இப்போ அண்ணாவோட வழியிலேயே, பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை வெச்சு, அதுக்குள்ளதான் அந்தப் பள்ளம் வெட்டின மூடியை வைக்கிறோம். சிந்தினா தாம்பாளத்துல. டார்ச் முன்னாடி நைலான் துப்பட்டா கூடவே கூடாது, கதவு ஜன்னல் திறந்திருக்கணும்.

அப்புறம், டப்பாவுல என்ன எழுதறதுங்கறது எங்க ஊர்ல தனிப் பிரச்னை. ஓசூராச்சே, தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் புழங்கற இடம். கன்னடத்துல 'கன்னடி'ன்னா முகம் பார்க்கிற கண்ணாடி. கிளாஸுக்கு கன்னடத்துலயும் தெலுங்குலயும் 'காஜு'. சரின்னு தோழி ஒரு டப்பாவுல தமிழ் எழுத்துல 'காஜு'ன்னு எழுதி வெச்சா. ஹாஸ்டல்ல இந்தி மட்டும் பேசற ஜூனியர் பொண்ணு, தமிழ் எழுத்து இப்போதான் கத்துக்கறா, எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு ஆசையா திறந்தா... முந்திரிப்பருப்பாம்! அன்னிக்கே எழுத்தை அழிச்சுட்டு, மண்டை ஓடு படம் வரைஞ்சாச்சு. எல்லா மொழிக்கும் அதே மண்டை ஓடுதான்.

ஸ்டால்ல முப்பத்தோரு மணி வெச்சோம். மரவள்ளிக் காம்பு மணி ஆறும் முதல் ஒரு மணி நேரத்துலயே வித்துடுச்சு. ஒண்ணை மட்டும் நானே காசு போட்டு வாங்கினேன். பாட்டிக்கு. பீர் பாட்டில் பழுப்பு. கறுப்புக் கயிறுல கோத்துக் கொடுத்தேன். இப்படி அப்படித் திருப்பிப் பார்த்துட்டு, "இது அந்த சர்க்கரைதானே?" என்றார். மாட்டிக்கிட்டாங்க.

அஞ்சறைப்பெட்டி? அது இனிமே சமையல்கட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு அம்மா தீர்ப்பு. எத்தனை கழுவினாலும் கிண்ண மடிப்புல ஒரு துணுக்கு ஒளிஞ்சிருக்கும்னு சொன்னாங்க, நானும் அப்பீல் பண்ணலை. இப்போ அது பட்டறையில, பூட்டோட இருக்கு. பதிலுக்குப் பரண்ல வைக்க இன்னொரு பெட்டி வேணுமாம். விலை விசாரிச்சு வெச்சிருக்காங்க. இந்தக் கட்டுரைக்கு வர்ற சன்மானத்துல நேரா கழிச்சுக்கறாங்களாம்!